கராத்தே: வெள்ளை பெல்ட்காரன் சொல்லும் பாடம்

(இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல்)



கராத்தே என்றதும் நமக்கு ஞாபகம் வருவது ஓடு உடைப்பதும், சினிமாவில் ஒரே ஆள் பத்து பேரை அடிப்பதும்தான். மூன்று மாதமாக வகுப்புக்குப் போகிற வெள்ளை பெல்ட்காரன் நான். புதுசாகச் சேர நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்று இதை எழுதுகிறேன்.

பிறந்த இடம்

ஜப்பானின் தெற்கே உள்ள ஒகினாவா தீவில் வளர்ந்த கலை இது. கிச்சின் ஃபுனகோஷி (1868–1957) என்ற பள்ளி ஆசிரியர் 1922-இல் டோக்கியோவில் செய்து காட்டிய பிறகுதான் ஜப்பான் முழுக்கப் பரவியது. 'கரா' என்றால் வெறுமை, 'தே' என்றால் கை. ஷோட்டோகான், கோஜு ரியூ, ஷிட்டோ ரியூ, வாடோ ரியூ என்று நாலு பெரிய பிரிவுகள் உண்டு. நான் கற்பது ஷோட்டோகான்.

வகுப்பில் என்ன நடக்கும்?

முதல் பாடம் வணக்கம். உள்ளே வரும்போதும் போகும்போதும் குனிந்து வணங்க வேண்டும். பிறகு உடம்பைச் சூடாக்கும் பயிற்சி. அதன்பின் மூன்று பகுதிகள்:

1. கிஹோன் – குத்து, உதை, தடுப்பு என்ற அடிப்படை அசைவுகள். 'இச்சி, நி, சான்' என்று ஜப்பானிய எண்ணிக்கையில் திரும்பத் திரும்பச் செய்வோம்.
2. கட்டா – எதிரி இருப்பதாக நினைத்து வரிசையாகச் செய்யும் அசைவுகள். எங்கள் பிரிவில் முதல் கட்டா 'ஹேயான் ஷோடான்'. மொத்தம் 21 அசைவுகள். ஆரம்பித்த இடத்திலேயே வந்து முடியணும்.
3. குமிதே – ஜோடியாகச் செய்யும் பயிற்சி. ஆரம்பத்தில் எங்கே அடிக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் அடிக்கணும். மேலே படாமல் கையை நிறுத்துவதுதான் இதில் பாடமே.

நம்ம மெக்கானிக்ஸ் இங்கேயும் உண்டு!

அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் வருவது. 600 நியூட்டன் விசை 60 சதுர செ.மீ. பரப்பில் பட்டால் ஒரு சதுர செ.மீ.க்கு 10 நியூட்டன். அதே விசை 6 சதுர செ.மீ.யில் பட்டால் 100 நியூட்டன்! ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முட்டியால் மட்டும் குத்தச் சொல்வது இதற்காகத்தான். கட்டைவிரல் முஷ்டிக்கு வெளியே இருக்கணும். உள்ளே மடக்கினால் விரல் போய்விடும். மணிக்கட்டு நேராக இருக்கணும்.

காலை அகட்டி, முன் முட்டியை மடக்கி நிற்பதும் அப்படித்தான். அடித்தளம் அகலமாகி, ஈர்ப்பு மையம் கீழே இறங்கினால் சுலபமாகச் சாய்க்க முடியாது. லேத் மெஷினை கனமான பெட் மேல் வைத்திருப்பது போலத்தான்.

சேரும் முன் கவனிக்க:

* ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். சின்னப் பிள்ளைகளை மாஸ்டர் எப்படி நடத்துகிறார் என்பதே போதும்.
* மாதக் கட்டணம், பெல்ட் தேர்வுக் கட்டணம், சீருடை விலை எல்லாவற்றையும் முதலிலேயே கேளுங்கள். வீட்டில் கணக்குப் பார்த்துக் காசு தருகிறவர்களுக்கு இது முக்கியம். முதல் மாதத்துக்கு சாதாரண டி-ஷர்ட், பேண்ட் போதுமா என்றும் கேட்கலாம்.
* ஆறு மாதத்தில் பிளாக் பெல்ட் என்று யாராவது சொன்னால் திரும்பி வந்துவிடுங்கள். முறையாகப் போனால் வருஷக்கணக்கில் ஆகும். முதல் பிளாக் பெல்டுக்குப் பெயர் 'ஷோடான்'. முதல் படி என்றுதான் அர்த்தம்.
* முட்டி வலி, மூச்சுத் தொந்தரவு இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு, மாஸ்டரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. கராத்தேயில் முதல் அடி கிடையாது என்பது ஃபுனகோஷி வகுத்த நெறி. நமக்கு இது வெறும் தத்துவம் இல்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். உங்களிலும் பலர் அப்படித்தான். பஸ் ஸ்டாண்டில் ஒரு கைகலப்பு, அதில் ஒரு கேஸ் என்றால், அரசு வேலைக்கான போலீஸ் விசாரணையில் அது வந்து நிற்கும். வீட்டார் பட்ட பாடெல்லாம் ஒரு குத்தில் போய்விடும். முடிந்தால் விலகிப் போவதும், முடியாதபோது மட்டும் தற்காத்துக்கொள்வதுமே முறை.

பதினெட்டு வயதுக்கு மேல் ஆரம்பிக்கலாமா என்று தயங்க வேண்டாம். என் பக்கத்தில் நிற்கும் பத்து வயதுப் பொடியன் என்னைவிட நன்றாகவே உதைக்கிறான். அவனிடமும் கேட்டுக் கற்றுக்கொள்கிறேன். வாருங்கள் நண்பர்களே, வெள்ளை பெல்ட் வரிசையில் இடம் நிறைய இருக்கிறது!