நிரையில் நிற்கும் மரத்துக்கு எத்தனை மீட்டர்?

மாணவர்களே, பேராக்கில் பால் மரத் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் இடம்விட்டுவிட்டன. கோலகங்சாரில் 1877-இல் நடப்பட்ட ரப்பர் மரங்களுள் ஒன்று இன்னும் நினைவுச் சின்னமாக நிற்கிறது. ஆனால் உங்கள் தாத்தா பாட்டி பால் வெட்டிய நிரைக்கு அப்படி யாரும் வேலி போட்டு வைக்கவில்லை. அது இன்னும் மிஞ்சியிருந்தால், ஒருமுறையாவது பெரிய ஃபிலிமில் படமெடுத்து வைப்பது நல்லது. அதற்கு உதவும் ஒரு கேமராவையும், அது ரப்பர் தோட்டத்தில் எப்படி ஏமாந்துபோகும் என்பதையும் இந்த வாரம் பார்ப்போம்.

அந்தக் கேமரா, 1995-இல் ஜப்பானில் வெளிவந்த மாமியா 7. நடுத்தர அளவு ஃபிலிமில் படம் எடுக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் வகையைச் சேர்ந்தது. 120 எனப்படும் ஃபிலிம் சுருளில் இது 10 படங்கள் மட்டுமே எடுக்கும். ஒவ்வொரு படமும் ஏறத்தாழ 56 மில்லிமீட்டருக்கு 70 மில்லிமீட்டர். சாதாரண 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஒரு படம் 24-க்கு 36தான். பெருக்கிப் பாருங்கள், பரப்பு நாலரை மடங்கு. அதனால்தான் பெரிதாக அச்சிட்டாலும் பட்டையில் கத்தி போன தடமும் மங்கின் விளிம்பும் தெளிவாக நிற்கும்.

ஆனால் இதில் ஒரு சங்கடம் உண்டு. நீங்கள் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. பக்கத்தில் உள்ள தனிச் சன்னல் வழியாகப் பார்க்கிறீர்கள். அதில் எல்லாமே எப்போதும் தெளிவாகத்தான் தெரியும். லென்ஸ் சரியான தூரத்துக்கு வைக்கப்பட்டிருக்கிறதா என்பதைக் காட்டுவது, நடுவில் தெரியும் சிறு கட்டம் ஒன்றுதான். லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்தால்கூடச் சன்னல் காட்டிக்கொடுக்காது!

அந்தக் கட்டம் எப்படி வேலை செய்கிறது? கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்துங்கள். ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு மற்றக் கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறுவது போலத் தெரியும். நம் இரு கண்களுக்கும் இடையே ஏறத்தாழ 6 சென்டிமீட்டர். மாமியா 7-இன் இரண்டு சன்னல்களுக்கும் இடையே உள்ள தூரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இரண்டாவது சன்னலில் விழும் காட்சியை, பாதி ஒளியை விட்டுப் பாதி ஒளியைத் திருப்பும் கண்ணாடி, முதல் காட்சியின்மேல் படிய வைக்கிறது. லென்ஸ் வளையத்தைத் திருப்பினால் ஒரு காட்சி நகரும். இரண்டும் ஒன்றான இடத்தில் தூரம் கிடைத்துவிட்டது.

இது முக்கோணக் கணக்கு. 1838-இல் ஜெர்மானிய வானியலாளர் பெஸ்ஸல் ஒரு விண்மீனின் தூரத்தை அளந்ததும் இதே முறையில்தான். அவருக்கு அடிக்கோடாக இருந்தது, பூமி சூரியனைச் சுற்றிவரும் பாதை. நமக்கு 6 சென்டிமீட்டர்.

இரண்டு சன்னல்களிலிருந்தும் ஒரு மரத்துக்குக் கோடு இழுத்தால், அவை சந்திக்கும் கோணம் மரம் 1 மீட்டரில் இருக்கும்போது 3.4 பாகை. 2 மீட்டரில் 1.7 பாகை. 10 மீட்டரில் 0.34, 20 மீட்டரில் 0.17. தூரம் இருமடங்காகும்போதெல்லாம் கோணம் பாதியாகிறது. ஆனால் 1-க்கும் 2-க்கும் நடுவே 1.7 பாகை வித்தியாசம் இருக்க, 10-க்கும் 20-க்கும் நடுவே 0.17 பாகைதான். தூரம் கூடக் கூட அளவை தடுமாறுவது இதனால்தான்.

இப்போது தோட்டத்துக்குள் வாருங்கள். எங்கு திரும்பினாலும் ஒரே மாதிரி நெட்டு மரங்கள். 10 மீட்டரில் உள்ள மரத்தைப் பார்க்கிறீர்கள். அதற்கு 1.5 பாகை தள்ளி இன்னொரு மரம் தெரிகிறது. நீங்கள் வளையத்தைத் திருப்பும்போது முதல் மரத்தின் பிம்பம் தன்னோடு சேராமல் அடுத்த மரத்தோடு சேர்ந்துவிடலாம். கட்டத்தில் எல்லாம் ஒழுங்காகப் பொருந்தியது போலவே இருக்கும். கேமராவோ 1.84 பாகை என்று கணக்கிட்டு, மரம் 2 மீட்டருக்குள் இருப்பதாக நம்பிவிடும். மர நிழலில் வெளிச்சம் குறைவு என்பதால் லென்ஸ் துளையையும் அகலத் திறந்திருப்பீர்கள். அந்தப் பிழையை மூடி மறைக்கத் தெளிவின் ஆழம் போதாது. ஃபிலிமைக் கழுவிய பிறகுதான் உண்மை தெரியும். பத்தில் ஒன்று போயிற்று.

தப்பிக்க வழி உண்டு. மரத்தண்டை விட்டுவிட்டு, அதில் மட்டும் இருக்கும் ஒன்றைப் பிடியுங்கள்: ஒரு முண்டு, வெள்ளைச் சாயக் குறி, அருகில் நிற்பவரின் முகம். பிறகு லென்ஸ் வளையத்தில் உள்ள எண்ணைப் பார்த்து, கண் மதிப்போடு ஒப்பிடுங்கள். இதை நான் கட்டாயம் என்பேன். இரண்டு நொடி வேலைதான்.

லயத்து வீட்டில் சிக்கல் வேறு. சன்னல்கள் இரண்டும் பக்கவாட்டில் இருப்பதால் பிம்பமும் பக்கவாட்டில்தான் நகரும். தகரக் கூரையின் நீண்ட கிடைக்கோடு நகர்ந்தாலும் நகர்ந்தது தெரியாது. கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி அளந்துவிட்டு, மீண்டும் படுக்கைவசமாக்கிப் படமெடுங்கள். ஈப்போ ரயில் நிலையத்தின் வரிசை வளைவுகளிலும் பத்து காஜா கெல்லி மாளிகையின் சாளரங்களிலும் மரங்களின் பொறிதான் காத்திருக்கிறது.

கேமரா இல்லாதவர்கள் பள்ளித் திடலில் செய்து பார்க்கலாம். 1 மீட்டர் கோலைத் தரையில் வையுங்கள். ஒரு முனையிலிருந்து பார்க்கும்போது கோல் கம்பம் சரியாக 90 பாகையில் இருக்கட்டும். மறுமுனையில் பாகைமானியால் கோணத்தை அளங்கள். 84.3 பாகை என்றால் கம்பம் 10 மீட்டரில், 87.1 என்றால் 20 மீட்டரில். 20 மீட்டரில் அரைப் பாகை கூட்டி அளந்துவிட்டால் விடை 24 மீட்டர் என்று வரும். 40 மீட்டரில் அதே அரைப் பாகை என்ன செய்யும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.