துவைப்பதே தவம்: வாகைப்பதியின் கதை

துவையல் என்றாலே நமக்குத் தேங்காய்த் துவையல்தான் ஞாபகம் வரும். இந்தப் பாடத்தில் வரும் துவையல், துணி துவைப்பது. கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் கடலோரம் இருக்கும் வாகைப்பதியில், அய்யா வைகுண்டர் சொன்னபடி 1840களில் மக்கள் கூடி வாழ்ந்து செய்த தவத்துக்குத் 'துவையல் தவசு' என்று பெயர். அகிலத்திரட்டு அம்மானை இதைச் சொல்கிறது. சுமார் 700 குடும்பங்கள் வந்தன என்பார்கள்.

அப்போது அந்தப் பகுதி திருவிதாங்கூர் மன்னர் ஆட்சியில் இருந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்களுக்குக் கோயிலுக்குள் போக உரிமையில்லை, பொதுக் கிணற்றைத் தொட முடியாது. ஆண்கள் தலைப்பாகை கட்டக் கூடாது, பெண்கள் மார்பை மறைத்துச் சேலை உடுத்தத் தடை. 'அசுத்தமானவர்கள்' என்று ஒதுக்கப்பட்டவர்கள் இவர்கள்.

வாகைப்பதியில் ஒரு நாள் எப்படி இருந்தது? மூன்று வேளைக் குளியல், துணி துவைத்தல், வழிபாடு. பச்சரிசியும் சிறுபயறும் சேர்த்துச் சமைத்து ஒரே வேளைச் சாப்பாடு. மீன், இறைச்சி கிடையாது. அவ்வளவுதான். கேட்க லேசாக இருக்கிறது இல்லையா? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டுக்கு 5 பேர் என்று வைத்தால் 3,500 பேர். ஆளுக்கு ஒரு துணி, மூன்று வேளை என்றால் ஒரு நாளைக்கு 10,500 துணி! வாஷிங் மெஷின் இல்லாத காலம், பக்கத்தில் இருப்பதோ உப்புத் தண்ணீர்.

இதை வெறும் சுகாதாரப் பயிற்சி என்று சிலர் சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கு அது போதவில்லை. ஊர்த் துணியைத் துவைப்பது அன்றைக்கு ஒரு சாதியின் தலையில் கட்டப்பட்ட வேலை. அந்த வேலையையே வாகைப்பதியில் எல்லாரும் சாமி கும்பிடுவதுபோல் செய்தார்கள். அப்புறம் யார் யாரை அசுத்தம் என்று சொல்வது?

இப்போது நம் பேராக்குக்கு வருவோம். தோட்டத்து லயத்தில் ஒரே பைப்படியில் வரிசை நின்ற கதையைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த லயங்கள் பல இன்று இல்லை; திருவிழாவும் அன்னதானமும் இருக்கின்றன. பந்தியில் பரிமாற இளைஞர்கள் ஓடி வருகிறோம், போட்டோவும் எடுக்கிறோம். மதியம் மூன்று மணிக்கு அடிப்பிடித்த அண்டாவைத் தேய்ப்பது யார்? பெரும்பாலும் அம்மாமார்கள், இல்லாவிட்டால் கூலிக்கு வந்த ஆள். அடுத்த கோத்தோங் ரோயோங்கில் வேலை பிரிக்கும்போது அண்டாவிலிருந்து பேரை எழுத ஆரம்பிக்கலாம், தலைவர், செயலாளர் பெயர் முதலில்.

வாகைப்பதியில் கூடிய மக்கள் பிறகு ஊர் திரும்பினார்கள். சாமித்தோப்பில் முத்திரிக் கிணறு எல்லாச் சாதிக்கும் பொதுவானது. சேர்ந்து குளித்தார்கள், சேர்ந்து உண்டார்கள். ஊர் ஊராக நிழல் தாங்கல்கள் எழுந்தன. இன்றும் அங்கே ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் வழிபட உள்ளே போகிறார்கள்.