வானத்தைக் கணினியில் ஆராய முடியுமா?

கேள்வி: வானியல் மென்பொருள்களைக் கிராமப்புற மாணவர்களும் பயன்படுத்த முடியுமா? (வாசகர், நானாட்டான்)

பதில்: முடியும். இவற்றுள் பல இலவசமானவை. பயன்பாட்டை ஒட்டி அவற்றை இரு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, வான்பொருள்களின் இயக்கத்தைக் கணித்து வானத்தின் மாதிரிக் காட்சியைத் திரையில் உருவாக்குபவை. ‘ஸ்டெல்லேரியம்’ என்னும் மென்பொருளில் நானாட்டானின் அகலாங்கையும் நெட்டாங்கையும் 2019 டிசெம்பர் 26 என்ற திகதியையும் கொடுத்தால், அன்று காலை யாழ்ப்பாணத்தில் வளையமாகத் தெரிந்த சூரிய கிரகணம் நானாட்டானிலிருந்து எவ்வாறு தெரிந்தது என்பதை நிமிடம் நிமிடமாகக் காணலாம்.

இரண்டாம் வகை, தொலைநோக்கிகள் பதிவுசெய்த தரவுகளைத் திருத்திப் பகுப்பாய்வு செய்பவை. படம்பிடிக்கும் உணரி வெப்பத்தினால் தானாகவே பொய்ச் சமிக்ஞையை உண்டாக்குவதால், தொலைநோக்கியின் மூடியை மூடி, அதே நேர அளவுக்கு எடுத்த இருட்படத்தை விண்மீன் படத்திலிருந்து புள்ளி புள்ளியாகக் கழித்த பின்னரே விண்மீனின் உண்மையான ஒளிர்வைச் சரியாக அளக்க முடியும். பைதான் நிரல்மொழியில் அமைந்த ‘ஆஸ்ட்ரோபை’ என்னும் நிரல் தொகுப்பு இத்தகைய பணிகளுக்கு உதவுகிறது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2015இல் ஏவிய ‘ஆஸ்ட்ரோசாட்’ விண்கலத்தின் தரவுகளும் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்துவிடப்பட்டுள்ளன.

ஆகவே கணினியும் இணைய இணைப்பும் உள்ள பாடசாலைகள், விலையுயர்ந்த தொலைநோக்கி வரும்வரை காத்திராமல், இப்பயிற்சியை இன்றே தொடங்க வேண்டும்.