வயல் வண்டியில் இருவழி வானொலிக்கு ஏரியல் பொருத்தும் முறை

மழைக்காலத்திற் குளக்கட்டைக் காவல் செய்வோர்க்கும் கட்டின்கீழ் வயல் செய்வோர்க்கும் இடையே செய்தி விரைந்து செல்லுதல் இன்றியமையாதது. 1957 டிசெம்பரிற் பெய்த பெருமழையாற் பல குளங்கள் உடைப்பெடுத்தன. 1986 ஏப்பிரில் 20 ஆம் நாள் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தபோது நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். இக்காலத்திற் கைத்தொலைபேசி பெரும்பாலோரிடம் உண்டு. ஆயினும், காட்டோரக் குளங்கள் சிலவற்றில் அதற்கு அலை கிடைப்பதில்லை. வெள்ளத்தால் மின்சாரம் தடைப்படின், தொலைபேசிக் கோபுரங்களும் சிறிது நேரத்தில் ஓய்ந்துவிடும். 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் கடற்கோளின் பின்னர், பொழுதுபோக்கு வானொலியாளர்கள் அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே வானொலி மூலம் செய்தித் தொடர்பை உண்டாக்கினர்.

ஆகவே, கமக்காரர் அமைப்பொன்று தன் ஜீப் வண்டியில் அல்லது உழவு இயந்திரத்தில் இருவழி வானொலி வைத்துக்கொள்ள விரும்புதல் இயல்பே. ஆனால் விலையுயர்ந்த கருவியை வாங்கி, ஏரியலைக் கண்ட இடத்திற் கட்டிவிடின், வேண்டிய வேளையிற் பயன் கிடையாது. செய்தி எட்டும் தூரத்தைத் தீர்மானிப்பது கருவியின் வலுவிலும் பார்க்க ஏரியலும் அது நிற்கும் இடமுமே.

அனுமதிப் பத்திரம்

1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்படி, வானொலி அலைகளை அனுப்பும் கருவிக்கு அனுமதிப் பத்திரம் பெறுதல் வேண்டும். இதனை வழங்குவது இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவாகும். எந்த மீடிறனிற் பேசலாம் என்பதும் அப்பத்திரத்திலேயே குறிக்கப்படும். ஏரியலின் நீளம் மீடிறனைப் பொறுத்ததாதலால், பத்திரம் கிடைத்த பின்னரே ஏரியலை வாங்குதல் நன்று.

ஏரியலின் நீளம்

வண்டிகளுக்குப் பெரும்பாலும் கால் அலைநீள ஏரியலே ஏற்றது. 75 ஐ மெகாஹேர்ட்ஸ் அளவாற் பிரித்தால் அதன் நீளம் மீற்றரிற் கிடைக்கும். மீடிறன் 150 மெகாஹேர்ட்ஸ் ஆயின், 75 ஐ 150 ஆற் பிரிக்க, அரை மீற்றர் வரும். நடைமுறையில் இதனிலும் நூற்றுக்கு 5 பங்கு குறைவாக, அதாவது ஏறக்குறைய 47 சதமமீற்றர் இருத்தல் போதும். 27 மெகாஹேர்ட்ஸ் ஆயின், இதே கணக்கின்படி இரண்டே முக்கால் மீற்றர் வேண்டும். அவ்வளவு நீண்ட கம்பி மரக்கிளைகளிற் சிக்கும் என்பதைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

இடத்தைத் தெரிதல்

கால் அலைநீளக் கம்பி ஏரியலின் ஒரு பாதியே. மறு பாதி அதன்கீழ் உள்ள உலோகத் தகடாகும். தகடு நாற்புறமும் சமமாகப் பரந்திருப்பின், அலையும் எல்லாத் திசையிலும் சமமாகச் செல்லும். எனவே, உலோகக் கூரையின் நடுவிடமே மிகச் சிறந்தது. கூரையின் ஓரத்தில் அல்லது முன் மட்காட்டிற் பொருத்தினால் ஒரு திசையிற் கூடவும் மற்றத் திசையிற் குறையவும் கேட்கும். பின் பம்பரிற் பொருத்துதல் எல்லாவற்றிலும் குறைந்தது. வண்டியின் உடலே அலையை மறைத்துவிடும்.

துணிக்கூரை வண்டிக்கும், மேற்கூரை இல்லாத உழவு இயந்திரத்துக்கும் கூரைத் தகடு இல்லை. அவற்றில் முன் மட்காட்டிற் பொருத்தலாம். அல்லது தகட்டின் துணை வேண்டாத அரை அலைநீள ஏரியலைக் கேட்டு வாங்கலாம்.

காந்த அடியுள்ள ஏரியலைத் துளையின்றி வைக்கலாம். ஆயின் பழைய லாண்ட் ரோவர் வண்டிகளின் உடற்றகடு பெரும்பாலும் அலுமினியக் கலவையாலானது. அதிற் காந்தம் பற்றாது. இரும்புக் கூரையிலும், காட்டுப்பாதையில் ஒரு கிளை தட்டினாற் காந்த அடி விழுந்துவிடும். ஆகவே நிலையான வேலைக்குத் துளையிட்டுப் பூட்டும் அடியே தகுந்தது. அடிக்கும் கம்பிக்கும் இடையே ஒரு சுருள்வில் இருப்பின், கிளை தட்டும்போது கம்பி வளைந்து மீளும்.

பொருத்தும் ஒழுங்கு

1. பற்றரியின் எதிர்முனைக் கம்பியை முதலிற் கழற்றுக.

2. கூரையின் உட்புறத்தைப் பார்த்து, வளைச் சட்டமும் மின்கம்பியும் இல்லாத இடத்தைத் தெரிந்து, அடியின் அளவுக்கேற்பத் துளையிடுக.

3. அடியின் உலோகம் தொடும் இடத்தில், உட்புறத்து வர்ணத்தைச் சுரண்டி நீக்குக. வர்ணம் இருப்பின் தகட்டுடன் தொடுப்பு உண்டாகாது. வெளிப்புறத்தில் இறப்பர் வளையம் இட்டு நீர் புகாமல் அடைக்குக. அலுமினியமும் இரும்பும் ஈரத்திற் சேர்ந்திருப்பின் அலுமினியம் அரிபடும். ஆதலால் துருப்பிடியாத உருக்கு ஆணிகளைப் பாவித்து, தொடுப்புக்குக் கிறீஸ் பூசுக.

4. வானொலிக்கு ஏற்ற 50 ஓம் ஓரச்சு வடத்தையே பாவிக்க. நடுக்கம்பி ஏரியலுக்கும், வெளிப்பின்னல் வண்டியின் உடலுக்கும் செல்லும். இவ்விரண்டும் ஒன்றையொன்று தொடலாகாது. வடத்தைக் கூராக மடித்தலும், கதவிடுக்கில் நசியவிடுதலும் தவறு.

5. கருவியின் மின்கம்பிகளைப் பற்றரியிலிருந்து நேராக எடுத்து, பற்றரிக்கு அண்மையிலேயே உருகி பொருத்துக. உருகியின் அளவு கருவியுடன் வரும் தாளிற் காணப்படும். உருகியற்ற கம்பி உரசி வண்டியைத் தொடுமாயின் தீப்பற்றும். சில பெரிய வண்டிகளில் 24 வோல்ற் மின் உண்டு. 12 வோல்ற் கருவியை அதில் நேராக இணைத்தாற் பழுதாகும்.

சோதித்தல்

ஏரியலை இணையாமல் ஒருபோதும் பேசும் பொத்தானை அழுத்தலாகாது. கருவியின் அனுப்பும் பகுதி கெடக்கூடும். ஏரியலுக்கும் கருவிக்கும் இடையே நிலையலை விகிதமானியை வைத்து அளவு பார்த்தல் வேண்டும். விகிதம் 1.5 க்கு உட்பட்டிருப்பின் நன்று. 2 வரை பொறுக்கலாம். 3 ஐத் தாண்டினால் உடனே நிறுத்தித் தொடுப்புகளைப் பார்த்தல் வேண்டும். தொடுப்புகள் செவ்வையாயிருந்தும், குறைந்த மீடிறனில் விகிதம் குறைந்தும் உயர்ந்த மீடிறனிற் கூடியும் காணப்படின், கம்பி நீளம் கூடியதாகும். ஒருமுறைக்கு 3 மில்லிமீற்றர் மட்டும் வெட்டி மீண்டும் அளக்க. வெட்டிய கம்பியை ஒட்ட முடியாது.

எவ்வளவு தூரம் எட்டும்?

150 மெகாஹேர்ட்ஸ் போன்ற அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டிற் செல்வன. ஏரியலின் உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1 ஆற் பெருக்கினால், தடையற்ற சமவெளியில் அது எட்டக்கூடிய தூரம் கிலோமீற்றரில் வரும். வண்டியிலுள்ள ஏரியலின் உயரம் 2.25 மீற்றர் ஆயின், தூரம் 6 கிலோமீற்றர். மறுமுனையிலும் அத்தகைய வண்டியே நின்றால், இரண்டையும் கூட்ட 12 கிலோமீற்றர். மறுமுனை ஏரியலை 9 மீற்றர்க் கம்பத்தில் உயர்த்தினால், அதன் பங்கு மட்டுமே 12 ஆகி, மொத்தம் 18 கிலோமீற்றர் ஆகும். காடும் மேடும் இதனைக் குறைக்கும். ஆகவே, கூடிய வலுவுள்ள கருவிக்குச் செலவிடுவதற்கு முன், மறுமுனை ஏரியலை உயர்த்துதலே சிக்கனம்.

எச்சரிக்கை

கம்பத்தை நிறுத்தும்போது, மின்சாரக் கம்பிக்கும் அதற்கும் இடையே கம்பத்தின் உயரத்திலும் கூடிய தூரம் இருத்தல் வேண்டும். சாய்ந்து தொடுமாயின் பிடித்திருப்பவர் உயிர் போகும். வண்டியின் ஏரியல் மின்கம்பியிலும் யானை வேலியிலும் படாமற் பார்த்துக்கொள்க. பேசும்போது ஏரியலைத் தொட்டால் தோல் சுடும். வண்டியின் பின்புறத்தில் ஏறிவரும் வேலையாட்கள் அதன் அருகில் இருத்தலாகாது. இடி மின்னலின்போது கம்பத்து ஏரியலிற் பேசுதல் கூடாது.

பொருத்தி முடிந்ததும், பெரும்போக மழை தொடங்குமுன், வண்டியைத் துருசு, வான், குளக்கட்டின் இரு அந்தங்கள், தூர வயல் ஆகிய இடங்களுக்குக் கொண்டுசென்று பேசிப் பார்த்தல் வேண்டும். கேட்கும் இடங்களையும் கேளாத இடங்களையும் ஒரு படத்திற் குறித்து, அதன் பிரதியொன்றை வண்டியில் வைத்தல் நன்று. இருட்டிலும் மழையிலும் எங்கே நிறுத்திப் பேசுவது என்பதை வண்டியோட்டி முன்னரே அறிந்திருப்பின், கட்டிற் கசிவு கண்டவுடன் கீழுள்ளோர்க்குச் செய்தி சொல்லக் காலம் வீணாகாது.