குளம் நெறைஞ்சாப் போதுமுங்க

கேள்வி: 'குளம் நெறைஞ்சாப் போதுமுங்க' என்பார் அப்பா. இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?
– கல்லூரி மாணவி, அன்னூர்

பதில்: அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கும்வரை உங்கள் பகுதி தலைமுறை தலைமுறையாகச் சுமந்த ஆசை அது. 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானித் தண்ணீர்!

'ஆல் ஐ வான்ட் இஸ் ஃபார் தி டேங்க் டு ஃபில்' என்று சொல்லுங்கள். குளத்தை 'டேங்க்' என்பது நம் நாட்டு ஆங்கில வழக்கு. வேறெதுவும் கேட்கவில்லை என்கிற 'போதும்' இதில் வந்துவிடுகிறது. 'மை ஒன்லி ஹோப்' வேண்டாம். மற்ற வழியெல்லாம் அடைபட்டவர் சொல்வது அது. 'இஃப் ஒன்லி' என்று தொடங்கினால் நடக்காதோ என்ற ஏக்கம் கூடிவிடும். அந்த 'ங்க'வுக்கு மட்டும் ஆங்கிலத்தில் இடமில்லை. அதை அப்பாவிடமே கேளுங்கள்.