பூட்டிய ஏட்டில் தேடலும் உரியவர்க்கே திறத்தலும்

முன்னுரை

பிறர் நம்பி ஒப்படைத்த பொருளை அமானிதம் என்பது நம் வழக்கு. அதனைப் பெற்றவர் காத்தல் வேண்டும். தாம் எடுத்தாளல் ஆகாது. பொன்னுக்கும் நெல்லுக்கும் உரிய இம்முறை இன்று தகவலுக்கும் வேண்டப்படுகிறது. காவிரிப் பாசனப் பகுதி உழவர், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் விற்கச் சிட்டா, அடங்கல், வங்கிக் கணக்கு ஆகியவற்றின் விவரங்களைத் தருகிறார். கூட்டுறவுக் கடன் சங்கத்தில் ஓர் இல்லத்தரசி நகையை அடகு வைத்தால் அதுவும் பதிவேட்டில் ஏறுகிறது. பதிவேடுகள் பலவும் இன்று கணிப்பொறிக்குள் புகுந்துவிட்டன. தொலைவிலுள்ள பிறருடைய கணிப்பொறிகளில் தகவலை இணையம் வழியாகச் சேமிக்கும் முறை மேகக் கணிமை எனப்படும். அங்கே காப்பவர் படிக்காமலே தேடித் தரவும், உரியவர் மட்டுமே படிக்கவும் வழியுண்டா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பூட்டினால் எழும் இடர்

தகவலைத் திறவுகோலின்றிப் படிக்க இயலாத குறிகளாக மாற்றுவது மறையாக்கம். மறையாக்கம் செய்து அனுப்பினால் காப்பவரால் படிக்க இயலாது. ஆயின் தேடவும் இயலாது. பத்தாயிரம் பதிவுகளுள் ஒன்று வேண்டுமெனில் அனைத்தையும் வரவழைத்துத் திறந்து பார்க்க வேண்டும். அல்லது திறவுகோலையே காப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும். முன்னது வீண் உழைப்பு. பின்னது பூட்டியதன் பயனையே அழிப்பது.

தேடற்சீட்டு

தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தை இங்கு எண்ணிப் பார்க்கலாம். அங்குள்ள வடமொழிச் சுவடிகளுக்கு ஏ. சி. பர்னல் தொகுத்த அட்டவணை 1880-இல் வெளிவந்தது. அட்டவணை இருப்பின் ஒவ்வொரு கட்டையும் அவிழ்க்காமலே வேண்டிய சுவடியை எடுக்கலாம். ஆனால், அட்டவணையைப் பார்ப்பவர் எல்லாம் எவ்வெச்சுவடி உள்ளதென அறிந்துவிடுவர். அவ்வட்டவணையின் தலைப்புகளையும் மறைகுறிகளாக மாற்றிவிட்டால் எவ்வாறிருக்கும்? அதுவே இக்கலையின் உயிர்நாடி.

உரிமையாளர் 'குறுவை' என்னும் சொல்லைத் தம் இரகசியத் திறவுகோலால் ஒரு குறியாக மாற்றுகிறார். அதனைத் தேடற்சீட்டு எனலாம். காப்பவர் அச்சீட்டை மறை அட்டவணையில் ஒப்பிட்டு, பொருந்தும் பதிவுகளைப் பூட்டியபடியே அனுப்புகிறார். தேடிய சொல்லையும் அவர் அறியார். கிடைத்த செய்தியையும் அறியார். மறையாக்கிய தகவலில் தேடும் நடைமுறைக்கேற்ற வழியைச் சாங், வாக்னர், பெரிக் ஆகிய மூவர் 2000-இல் வெளியிட்டனர். 2006-இல் கர்ட்மோலாவும் உடன் ஆய்வாளர்களும் மறை அட்டவணை முறைக்குத் திட்டமான பாதுகாப்பு வரையறை வகுத்தனர்.

அல்கிந்தியின் பாடம்

எனினும் இம்முறையிலும் கசிவு உண்டு. ஒரே சீட்டு மீண்டும் மீண்டும் வருவதைக் காப்பவர் காண்கிறார். ஆனி மாதத்தில் ஒரு குறி அடிக்கடி வந்து, புரட்டாசியில் வேறொரு குறி மிகுந்தால், முன்னது குறுவை, பின்னது தாளடி என டெல்டாவின் பயிர்ப் பருவம் அறிந்தவர் ஊகித்துவிடுவார். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்கிந்தி, எழுத்துகள் வரும் எண்ணிக்கையைக் கொண்டே மறைமொழியை அவிழ்க்கலாம் என நூல் எழுதினார். அவர் காட்டிய நெறி இன்றும் பொய்க்கவில்லை. மறையாக்கிய தரவுத்தளங்களில் எண்ணிக்கையைக் கொண்டு உள்ளடக்கத்தைப் பெரிதும் கண்டறிய இயலும் என 2015-இல் நவீத், கமாரா, ரைட் ஆகியோர் மெய்ப்பித்தனர். போலிப் பதிவுகளைக் கலத்தல் போன்ற தடுப்புகள் உள்ளன. அவற்றுக்கு இடமும் காலமும் கூடுதலாகச் செலவாகும்.

உரியவர்க்கே திறத்தல்

அடுத்து, யார் திறக்கலாம் என்னும் வினா. அலுவலர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பிரதி பூட்டி வைத்தல் இயலாது. பெதன்கோர்ட், சகாய், வாட்டர்ஸ் ஆகியோர் 2007-இல் வெளியிட்ட பண்புசார் மறையாக்கம் இதற்கு வழி கூறுகிறது. 'வருவாய்த்துறையினர், அத்துடன் தஞ்சாவூர் வட்டத்தினர்' என்னும் விதி பூட்டிலேயே பொதிந்திருக்கும். இரு பண்புகளும் ஒருவரிடமே இருத்தல் வேண்டும். வேற்று வட்டத்து வருவாய் அலுவலரும், தஞ்சாவூர் வட்டத்துப் பிறதுறைப் பணியாளரும் தம் திறவுகோல்களை ஒன்றாக இணைத்தாலும் பூட்டுத் திறவாது. ஆனால், இடமாற்றம் பெற்றுச் செல்பவரின் பழைய திறவுகோலைப் பயனற்றதாக்குவது எளிதன்று. திறவுகோலுக்குக் காலவரையறை இட்டுப் புதுப்பித்தல் ஒரு தீர்வு.

இவை ஏட்டளவில் நின்றுவிடவில்லை. மோங்கோடிபி என்னும் தரவுத்தளம் 2023-இல் மறையாக்கிய தகவலில் தேடும் வசதியைப் பொதுப் பயன்பாட்டுக்குத் தந்தது.

முடிவுரை

தனியுரிமை அடிப்படை உரிமையே என இந்திய உச்ச நீதிமன்றம் 24-8-2017 அன்று தீர்ப்பளித்தது. எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. சட்டம் தவற்றைத் தண்டிக்கும். தவறு நேராவண்ணம் தடுப்பது நுட்பம். நகையை அடகு வைத்த பெண்ணின் மானமும் கடன்பட்ட உழவரின் மதிப்பும் காப்பவரின் நற்குணத்தை மட்டுமே நம்பி நிற்றல் கூடாது. காப்பவர் நல்லவராயினும் அல்லராயினும் அமானிதம் குலையாதிருக்கும் முறையே சிறந்த முறை. தமிழும் கணிதமும் ஒருங்கே பயிலும் மாணவர்கள் இத்துறையைக் கற்று, அதற்கான கலைச்சொற்களை ஆக்கி, நம் ஊர்ப் பதிவேடுகளுக்குப் பயன்படச் செய்வார்களாக.