பழைய பதிப்பு எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம்

டெபியன், உபுண்டு கணினிகளில் ஓப்பன்எஸ்எஸ்எல் போன்ற நிரல் நூலகத்தைப் புதுப்பிக்க, மூலநிரலை இறக்கி நாமே தொகுப்பதைவிட ஆப்ட் கருவியிடம் விடுவதே மேல். முதலில் ‘சூடோ ஆப்ட் அப்டேட்’. இது கிடைக்கும் பதிப்புகளின் பட்டியலை மட்டும்தான் புதுப்பிக்கும். நூலகம் மாறுவது அடுத்து வரும் ‘சூடோ ஆப்ட் அப்கிரேட்’டில்தான். ஆப்ட் தருவது பழைய பதிப்பாயிற்றே என்பார்கள். எண் பழையதுதான், ஆனால் பாதுகாப்பு ஓட்டை அடைபட்டிருக்கும். 2014இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்புக் குறைக்காக ஓப்பன்எஸ்எஸ்எல் குழு 1.0.1ஜி வெளியிட்டது, டெபியனோ தன்னிடமிருந்த 1.0.1இ பதிப்பிலேயே திருத்தத்தைச் சேர்த்தது. கையால் தொகுத்துப் போட்ட நகலை ஆப்ட் கண்டுகொள்ளாது. அடுத்த ஓட்டைக்கு நீங்கள்தான் பொறுப்பு.

புதிய கோப்பு வந்த பின்னும், ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் நினைவகத்தில் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். அந்தச் சேவைகளை மறுதொடக்கம் செய்யுங்கள். எவை என்பதை ‘நீட்ரீஸ்டார்ட்’ என்ற கருவி சொல்லும்.